பத்து வெள்ளியில் ஒரு தோட்டம்



போன மாதம் எங்கள் கிளைக் கூட்டத்தில் கொஞ்சம் வாக்குவாதம். விஷயம் வேறொன்றுமில்லை, பணம்தான். கிளைக் கணக்கில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. அதோடு உறுப்பினர்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கூடாரம், நாற்காலி, பெரிய சமையல் பாத்திரம் எல்லாம் வாங்கலாம் என்று ஒரு திட்டம். எங்கள் தாமானில் கல்யாணம், காதணி விழா, கருமக்கிரியை எது நடந்தாலும் குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். வருகிற லாபத்தில் ஒரு பகுதி தேவார வகுப்புக்கும் டியூஷன் வகுப்புக்கும் போகும்.

திட்டம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. யார் முதலாளி என்பதில்தான் சிக்கல். ஏற்கெனவே வியாபாரம் செய்கிற ஓர் அண்ணனிடம் கொடுத்துவிடலாம், அவர் நடத்தி வருஷத்துக்கு ஒரு தொகை நன்கொடை தரட்டும் என்று பாதிப் பேர். எல்லோரும் பங்கு போட்டு எல்லோருமே முதலாளியாக இருப்போம் என்று மீதிப் பேர். கூட்டுத் தொழில் நம் ஆளுங்களுக்கு சரிப்பட்டு வராது, கடைசியில் சண்டையில்தான் முடியும் என்று ஒருவர் சொன்னதும் கூட்டமே அமைதியாகிவிட்டது.

அந்த அமைதிக்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், போட்ட பணம் ஆறே மாதத்தில் இரட்டிப்பாகும் என்று ஆசை காட்டிய ஒரு திட்டத்தில் எங்களில் சிலர் சேமிப்பை இழந்தார்கள். கொண்டு வந்த ஆள் நமக்குத் தெரிந்த ஆள்தான், நம் மொழி பேசியவர்தான். அதிலிருந்து பணம் என்றாலே எங்கள் பிள்ளைகளுக்குப் பயம். நான் பொருளாளர். முடிவு சொல்ல ஒரு மாதம் டைம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றிரவு அம்மாவிடம் புலம்பியபோது, அவர் எழுந்து போய் பாட்டியின் பழைய தகரப் பெட்டியைக் கொண்டு வந்தார். பாட்டி பால்மரம் வெட்டியவர். பெட்டியில் அவருடைய பழைய ஐ.சி., ஒரு கல்யாணப் போட்டோ, அதற்கு அடியில் நான்காக மடித்த ஒரு காகிதம். கூட்டுறவுச் சங்கத்தில் அவர் எடுத்த பங்குக்கான தாள். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டி, ஒரு தோட்டத்தில் பங்கு வாங்கியிருக்கிறார்! துன் சம்பந்தன் சங்கம்டா அது என்றார் அம்மா.

எனக்குத் துன் சம்பந்தன் என்றால் பிரிக்பீல்ட்ஸில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற சாலையின் பெயர். அவ்வளவுதான். உங்களில் பல பேருக்கும் அப்படித்தான் இருக்கும். பிறகு தேடிப் படித்தேன், பெரியவர்களிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்கிறேன்.

சுங்கை சிப்புட் பிள்ளை

1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் அவர். தந்தை வீராசாமி, தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்து, உழைத்து, ரப்பர் தோட்டம் வைக்கும் அளவுக்கு உயர்ந்தவர். பிள்ளைக்கு வைத்த பெயர் திருஞானசம்பந்தன். தேவாரம் பாடிய சம்பந்தப் பெருமானின் பெயர். ஊரார் வாயில் அது சம்பந்தன் என்று சுருங்கியது.

கோல கங்சார் கிளிபர்ட் பள்ளியில் படித்தார். மேல்படிப்புக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனார். தில்லை நடராசர் கோயில் இருக்கிற அதே ஊர். காந்தியடிகளின் பேச்சும் செயலும் இளைஞர்களை உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. படித்து முடித்து ஊர் திரும்பியவர் நினைத்திருந்தால் அப்பாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு சௌகரியமாக இருந்திருக்கலாம். சாப்பாட்டுக்குக் கவலையில்லாத குடும்பம்.

அவர் செய்தது வேறு. சுங்கை சிப்புட்டில் தமிழ்ப் பிள்ளைகளுக்காக மகாத்மா காந்தி கலாசாலையை அமைத்தார். 1954ஆம் ஆண்டு அதைத் திறந்து வைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. அடுத்த வருஷமே, 1955இல், ம.இ.கா.வின் ஐந்தாவது தலைவரானார். அப்போது அவருக்கு வயது 36கூட நிரம்பவில்லை. அதே ஆண்டு நடந்த முதல் பொதுத் தேர்தலில் வென்று தொழிலாளர் அமைச்சரானார். பிறகு சுகாதாரம், பொதுப்பணி, தபால் தந்தி, தேசிய ஒற்றுமை என்று பல பொறுப்புகள். சுங்கை சிப்புட் மக்கள் அவரை மறுபடி மறுபடி தேர்ந்தெடுத்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1967இல் துன் பட்டம் கிடைத்தது.

இதெல்லாம் பாடப் புத்தகத்தில் வருகிற சங்கதி. பாட்டியின் காகிதத்துக்குக் காரணமான கதை இனிமேல்தான் வருகிறது.

தோட்டத்தைத் துண்டு போட்டார்கள்

1950களில் நாடு சுதந்திரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பலவற்றுக்கு, இனி இங்கே நம் சொத்துக்கு என்ன ஆகுமோ என்ற அச்சம். தோட்டங்களை விற்க ஆரம்பித்தார்கள். வாங்கியவர்களில் பலர் தோட்டத்தை நடத்த வாங்கவில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கரை மொத்தமாக வாங்கி, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டு என்று விற்றால் நல்ல லாபம். இதற்குத் தோட்டத் துண்டாடல் என்று பெயர்.

வாங்குகிறவருக்கு லாபம், விற்கிறவருக்கும் லாபம். நடுவில் மாட்டிக்கொண்டது நம் சனங்கள்தான். தோட்டம் என்றால் வெறும் மரம் இல்லையே. லயத்து வீடு, தண்ணீர்க் குழாய், தமிழ்ப்பள்ளி, மருந்து கொடுக்கிற டிரெசர், பிள்ளைக் கொட்டகை, மாரியம்மன் கோயில், எல்லாம் அந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவை. 100 ஏக்கருக்குக் குறைந்துவிட்டால் அரசாங்கக் கணக்கில் அது தோட்டமே இல்லை, சிறு நிலம். சிறு நிலத்துக்காரர் எதற்காகப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுக்கப் போகிறார்? மரம் வெட்ட அவர் குடும்பமே போதும், இல்லாவிட்டால் குத்தகைக்கு ஆள் பிடிப்பார். மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து, அங்கேயே வெட்டி, அங்கேயே புதைந்தவர்கள் மூட்டை கட்டும் நிலை. ஆயிரக்கணக்கானவர்களின் வேலையும் வீடும் ஒரே கையெழுத்தில் போயின. அவர்களில் பல பேருக்கு அப்போது குடியுரிமைகூடக் கிடையாது.

தொழிற்சங்கம் குரல் கொடுத்தது, தடை வேண்டும் என்று கேட்டது. பேராசிரியர் உங்கு அசிஸ் இந்தத் துண்டாடலை ஆராய்ந்து விரிவான அறிக்கையே எழுதினார். ஆனால் நிலத்தின் சொந்தக்காரர் தன் நிலத்தை விற்பதை எப்படித் தடுப்பது என்ற கேள்வியில் எல்லாம் தேங்கி நின்றது.

சம்பந்தன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். விற்கிறவரைத் தடுக்க முடியாவிட்டால், வாங்குகிறவராக நாமே இருந்தால் என்ன?

பால் வெட்டுகிறவரே முதலாளி

1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. யோசனை எளிமையானது. தொழிலாளர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போடுவது, விற்பனைக்கு வருகிற தோட்டத்தை முழுசாக வாங்குவது, துண்டு போடாமல் தோட்டமாகவே நடத்துவது. வேலையும் நிலைக்கும், லயமும் நிலைக்கும், லாபமும் பங்குதாரருக்கே வரும்.

சொல்வது சுலபம். பத்து வெள்ளி என்பது அன்றைய பால்மரத் தொழிலாளிக்குச் சில நாள் கூலி. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. மளிகைக் கடையில் கடன் புத்தகம். அப்படிப்பட்டவரிடம் போய், பத்து வெள்ளி கொடு, தோட்டம் வாங்கலாம் என்றால் நம்புவாரா? அவர்களையும் அதுவரை பல பேர் ஏமாற்றித்தான் இருந்தார்கள். கங்காணி ஏமாற்றினார், கடைக்காரர் ஏமாற்றினார், சீட்டுப் பிடித்தவர் ஏமாற்றினார். எங்கள் கிளைப் பிள்ளைகளின் பயத்துக்கும் அவர்களின் பயத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதற்காகத்தான் அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். சனங்களுக்குப் புரிகிற தமிழில், அவர்களுடைய கணக்கிலேயே பேசினார். பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்ந்தது. 1961இல் சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. கெடா மாநிலத்தில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம். நேற்று வரை தண்டலுக்குப் பயந்து பெரட்டுக் களத்தில் நின்ற ஆள், இன்று அதே தோட்டத்தில் பங்குக்காரர். அந்தக் காலையை நினைத்துப் பாருங்கள். மங்கும் உளியும் வாளியும் அதேதான், மரமும் அதேதான்.

அதற்குப் பிறகு ஒன்று ஒன்றாகத் தோட்டங்கள் சேர்ந்தன. உறுப்பினர் தொகை பல பத்தாயிரமாக வளர்ந்தது. ரப்பரோடு செம்பனையும் வந்தது. இன்று கோலாலம்பூரில் சங்கத்தின் தலைமையகம் இருக்கிற கட்டடத்துக்குப் பெயர் விஸ்மா துன் சம்பந்தன். பாட்டியின் பெட்டியில் இருந்த காகிதமும் அந்தக் கட்டடமும் ஒரே பணத்தில் முளைத்தவை.

கூட்டும் கூட்டுறவும்

இங்கே ஒரு விஷயத்தை நின்று யோசிக்க வேண்டும். சேர்ந்து பணம் போடுவது நம் ஆட்களுக்குப் புதுசு இல்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வரி கட்டியவர்கள்தான் நாம். ஊரே கை வைத்தால்தான் தேர் நகரும் என்பது தெரிந்த சனம். கூட்டு கட்டுவதும் நம்மிடம் இருந்ததுதான். மலாய்க்காரர்கள்கூட அதைக் குத்து என்று நம் சொல்லாலேயே அழைக்கிறார்கள். பத்துப் பேர் மாசா மாசம் போட்டு, மாசத்துக்கு ஒருவர் எடுத்துக்கொள்வது. அவசரத்துக்கு உதவும். ஆனால் எல்லாம் கூட்டுத் தலைவரின் நாணயத்தை நம்பித்தான். அவர் ஓடிவிட்டால் கதை முடிந்தது. அப்படி நிறைய நடந்ததால், கூட்டுப் பிடிப்பதை ஒரு தொழிலாக நடத்துவதற்கு 1971இல் சட்டம் போட்டே தடை விதித்தார்கள்.

கூட்டுறவுச் சங்கம் வேறு மாதிரி. ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு, நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு. வருஷா வருஷம் கூட்டம் போட்டுக் கணக்கைக் காட்டியாக வேண்டும், வெளித் தணிக்கை உண்டு. லாபத்தை முழுசாகப் பிரித்துச் சாப்பிட்டுவிட முடியாது, ஒரு பகுதியை ஒதுக்கி வைக்க வேண்டும். தலைவர் நல்லவர் என்பதை மட்டும் நம்பி நடப்பதில்லை, அவரைக் கேள்வி கேட்கிற உரிமையையும் சேர்த்தே பங்கு வாங்குகிறோம்.

சம்பந்தன் பணக்காரர். நினைத்திருந்தால் கஷ்டப்பட்ட தொழிலாளிக்கு அரிசியும் வேட்டி சேலையும் கொடுத்து, மாலை போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். தானம் பெரிய தர்மம்தான், நம் சமயம் அதைக் கொண்டாடுகிறது. ஆனால் தானம் வாங்குகிறவர் அடுத்த வருஷமும் கை நீட்டித்தான் நிற்க வேண்டும். அவர் தொழிலாளியிடமிருந்து பத்து வெள்ளி வாங்கினார். வாங்கியதால்தான் அந்தத் தொழிலாளிக்கு உரிமை வந்தது. என் பாட்டி அந்தக் காகிதத்தைக் கல்யாணப் போட்டோவோடு வைத்திருந்ததற்குக் காரணம் இப்போது எனக்குப் புரிகிறது.

எல்லாம் இனிப்பாக முடியவில்லை

பெரிய மனிதர்களைப் பற்றி எழுதும்போது குறையைச் சொல்லாமல் விடுவது நம் வழக்கம். நான் அப்படி விடப் போவதில்லை, ஏனென்றால் பொருளாளருக்கு வரவும் வேண்டும், செலவும் வேண்டும்.

சங்கம் வாங்கிய தோட்டங்கள், துண்டாடப்பட்ட மொத்த நிலத்தில் ஒரு சிறு பகுதிதான். காப்பாற்றப்பட்டவர்களைவிட வெளியேறியவர்களே அதிகம். 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் நடைமுறை இறுகியபோது, குடியுரிமை இல்லாத பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அமைச்சரவையில் இருந்தும் இவரால் அதைத் தடுக்க முடியவில்லை என்ற வருத்தம் இன்றும் பெரியவர்களிடம் இருக்கிறது. விட்டுக்கொடுத்தே போகிறவர், இன்னும் உறுதியாகப் பேசியிருக்கலாம் என்ற விமர்சனமும் அவர் மீது உண்டு. கட்சிக்குள்ளும் நெருக்கடி வந்தது. 18 ஆண்டு தலைவராக இருந்தவர் 1973இல் பதவியை விட்டு இறங்கினார். மாணிக்கவாசகம் அடுத்த தலைவரானார்.

பங்குக்காரராக ஆனதால் மட்டும் தொழிலாளியின் அன்றாடம் தலைகீழாக மாறிவிடவும் இல்லை. விடியலுக்கு முன்னால் எழுந்து போகிற வேலை அப்படியேதான் இருந்தது. ரப்பர் விலை விழுந்தால் சங்கத்துத் தோட்டத்திலும் வருமானம் விழத்தான் செய்யும். பங்கு எடுத்ததோடு சரி, கூட்டத்துக்கே போகாதவர்களும் இருந்தார்கள். என் பாட்டியும் அதில் ஒருவராக இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் ஓட்டு இருந்தும் பயனில்லை, காகிதம் பெட்டிக்குள் தூங்கும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசியலுக்கு வந்த பிறகு சொத்து பெருகுவதைத்தான் நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். இவருக்கு அப்பா வைத்துப் போன நிலம் குறைந்துகொண்டே போனது. பதவி போன பிறகும் சங்கத்தை அவர் கைவிடவில்லை. 1979ஆம் ஆண்டு மே 18ஆம் தேதி, அறுபது வயது நிரம்பும் முன்பே காலமானார். அவருக்குப் பிறகு துணைவியார் தோ புவான் உமாசுந்தரி சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று நடத்தினார். ஆள் போன பின்னும் சங்கம் நின்றது. ஒருவரின் தனிப்பட்ட வியாபாரமாக இருந்திருந்தால் அது பிள்ளைகளுக்குப் போயிருக்கும், அல்லது விற்றுப் போயிருக்கும்.

எங்கள் கூடாரத்துக்கு வருகிறேன்

இதையெல்லாம் படித்த பிறகு, அடுத்த கூட்டத்தில் என்ன சொல்வது என்று எனக்கு ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. வியாபாரம் செய்கிற அண்ணன் மீது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவர் அனுபவம் நமக்கு வேண்டும். நடத்துகிற பொறுப்பை அவருக்கே கொடுத்து, அதற்கு நியாயமான சம்பளமும் கொடுக்கலாம். ஆனால் சொத்து கிளையில் உள்ள எல்லோருடையதாகவும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. காலேஜ் படிக்கிற தங்கச்சி போடுகிற சின்னத் தொகைக்கும், வேலைக்குப் போகிற அண்ணன் போடுகிற பெரிய தொகைக்கும் ஒரே ஓட்டு. ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு எல்லோர் பார்வைக்கும் வரும். கணக்கைச் சரிபார்க்கிறவர் பொறுப்பாளர் குழுவுக்கு வெளியே இருந்து வரட்டும். பணம் இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் வங்கியை விட்டு வெளியே வராது. முறைப்படி கூட்டுறவாகப் பதிய முடியுமா என்று மலேசியக் கூட்டுறவு ஆணையத்திடம் கேட்டுக்கொண்டு வருவதாகவும் சொல்லப் போகிறேன்.

வாடகை விஷயத்திலும் ஒரு யோசனை. வசதியானவருக்கு ஒரு விலை, முடியாதவருக்கு ஒரு விலை. கருமக்கிரியைக்கு மட்டும் இலவசம். இது நஷ்டம்தானே என்று யாராவது கேட்பார்கள். நஷ்டம்தான். அதை எந்த லாபத்திலிருந்து ஈடு கட்டுவது என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், பின்னால் சண்டை வராது.

தோற்கவும் கூடும். நாற்காலி உடையும், கூடாரம் கிழியும், வேலை செய்ய ஆள் வராமல் இரண்டு பேர் மட்டும் லாரியில் ஏற்றி இறக்கிக்கொண்டு நிற்போம். அந்தக் கஷ்டமெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பெண்மணி, சில நாள் கூலியை எடுத்துக் கொடுத்து ஒரு தோட்டத்தில் பங்கு வாங்கத் துணிந்தார் என்றால், டிப்ளமாவும் டிகிரியும் வைத்திருக்கிற நாம் இருபது கூடாரத்துக்குப் பயப்படலாமா?

உங்கள் வீட்டுப் பழைய பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அப்படி ஒரு காகிதம் இருந்தால், அதை வாங்கியவர் இன்னும் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: யார் வந்து பேசினார்கள், எப்படி நம்பினீர்கள், கூட்டத்துக்குப் போனீர்களா? என் பாட்டியிடம் கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

எங்கள் கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில், பூசை முடிந்ததும். பாட்டியின் காகிதத்தை எடுத்துக்கொண்டு போகிறேன். முதல் ரசீதுப் புத்தகமும் வாங்கி வைத்துவிட்டேன். முடிவு எப்படி வந்தாலும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.